வெள்ளைக்காரன் வண்டிக்குப் போட்ட கயிறு

என் கையால் செய்ததிலேயே நேர்த்தியான வேலை எது என்று கேட்டால், ஒரு காருக்குப் போட்ட பிரேக் கம்பி என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லும்போதே வாய் கசக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான். முப்பது வருஷம் கோலார் தங்கச் சுரங்கத்தில் ரோப் மேனாக இருந்தவன் நான். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டைத் தாங்குகிற கயிறு என் பொறுப்பு. பூமிக்கு அடியில் ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்கு ஊரே அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டு போய் வந்தது. என் கயிறு ஒரு நாளும் அறுந்ததில்லை. அறுந்தது அந்த ஒன்றுதான்.

வெள்ளைக்கார அதிகாரிகள் மைன்ஸை விட்டுப் போனபோது, கொண்டுபோக முடியாததையெல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள். பியானோ, பில்லியர்ட்ஸ் மேசை, நாய்களின் கல்லறை. அப்படி விட்டுப்போனதில் ஒரு கார், ஊரிகத்தில் ஒரு பங்களாவின் பின்கட்டு ஷெட்டில் பல வருஷமாகக் கிடந்தது. யுத்தத்துக்கு முந்தைய இங்கிலீஷ் வண்டி. மூக்கு மட்டும் ஒரு ஆள் நீளம் இருக்கும். பங்களாவைக் கவனித்துக்கொண்டவர் அதன் பின்சீட்டில் கோழி அடைத்திருந்தார்.

அறுபதுகளின் நடுவில் அந்தக் கோழிக்கூண்டைத் தேடிக்கொண்டு பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். அங்கே மில் வைத்திருந்த குடும்பம். அவரிடம் ஏற்கனவே ஏழு கார்கள் இருந்தன. எல்லாம் ராஜாக்களும் துரைமார்களும் ஓட்டியவை. வெளிநாட்டிலிருந்து புதிது இறக்குமதி செய்ய முடியாத காலம் அது. அதனால் பணம் இருந்தவர்கள் பழையதைத் தேடி அலைந்தார்கள். கோழி எச்சத்தைத் தன் பட்டுக் கைக்குட்டையால் துடைத்து, அந்த வண்டியின் மூக்கைத் தடவிக் கொடுத்தாரே, பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தடவியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

வாங்குவது சுலபம். ரோட்டில் ஓட்டுவதுதான் கஷ்டம். வண்டியின் புத்தகம் காணாமல் போயிருந்தது. வரி கட்டிப் பல வருஷம். பழைய சொந்தக்காரர் இங்கிலாந்தில். அவருக்குக் கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, சாசி நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, கடைசியில் மோட்டார் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தி என்று எழுதினால்தான் புது நம்பர் கிடைக்கும். கடிதம், கையெழுத்து எல்லாம் காசு இருந்தால் நடக்கிற காரியம். பிரேக் அப்படி இல்லை. அந்த வண்டியில் எண்ணெய் பிரேக் கிடையாது. மிதியை அமுக்கினால் ஒரு எஃகுக் கம்பி இழுக்கும். அது நாலு சக்கரத்தையும் பிடிக்கும். கை பிரேக்கும் அதே கம்பியில்தான். அந்தக் கம்பி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. மாற்று இந்தியாவிலேயே கிடையாது.

இந்தக் கதையில் நான் நுழைந்தது என் தங்கை புருஷனால். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். பத்து வருஷம் அடியில் பாறை துளைத்தவர். மார்பில் தூசி படிந்துவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னதும் அடியில் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். வேலை போனால் மைன்ஸ் கொடுத்த லைன் வீட்டையும் காலி பண்ண வேண்டும். ஸ்கெலட்டன் லைனில் அவர்கள் வீட்டுச் சாமான் பாதி கட்டி வைத்த நிலையில் இருந்தது. மனிதர் சும்மா உட்காரவில்லை. லாரி ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தார். இரண்டு பிள்ளைகளோடு தங்கை என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் கார் வாங்கின மில் முதலாளி ஆண்டர்சன்பேட்டையில் விசாரித்து என்னிடம் வந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மில் ஆட்களிடம் கற்ற தமிழில் பேசினார்.

"மேஸ்திரி, இந்த வண்டி ரோட்ல ஓடணும். நின்னுகிட்டே இருந்தா அது வண்டி இல்ல, பொம்மை. கயிறு வேலைல உன்ன விட்டா ஆள் இல்லன்னு சொல்றாங்க."

"செஞ்சி குடுக்கறேன் சார். எம் மாப்பிள்ளைக்கு லைசென்ஸ் கீது. இந்த வண்டிய அவரே ஓட்டட்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாஸ் ஆனா உன் மாப்பிள்ளைதான் டிரைவர். பெங்களூர்ல ரூமும் உண்டு. போதுமா?"

போதும் போதும் என்று தலையாட்டினேன். இன்று நினைத்தால் அந்தத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. கேஜ் கயிற்றின் முனையை ஒரு இரும்புக் குவளைக்குள் விட்டு, கம்பிகளைத் துடைப்பம் போல விரித்து, ஈயம் கலந்த உலோகத்தைக் காய்ச்சி ஊற்றி இறுக்குவோம். அது ஆயிரம் பேரைத் தாங்கும். ஆனால் குவளையின் வாயில், கயிறு உள்ளே நுழைகிற அந்த ஒரு இடத்தில், கம்பிகள் உள்ளுக்குள்ளேயே களைத்து ஒவ்வொன்றாய் ஒடியும். வெளியே பார்த்தால் தெரியாது. கையால் தடவினாலும் தெரியாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கயிறு எவ்வளவு நன்றாக இருந்தாலும், முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம். கயிறு கெட்டதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். தேதி வந்ததா, வெட்டு. அவ்வளவுதான்.

இப்படித் தேதி முடிந்து கழித்துப்போட்ட கயிற்றுக்கு எங்கள் லைன்களில் நல்ல மரியாதை. மரம் இறக்குகிற விஞ்ச் என்ற சின்ன இழுவை எந்திரத்தின் கயிறு சுண்டுவிரல் பருமன் இருக்கும். அதில் ஒரு புரியைப் பிரித்தால் துணி காயப்போட அருமையான கொடி. கேட்டில் வாட்ச்மேன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். ஆனால் காகிதத்தில் ஏறிவிட்டால் கதை வேறு. மைன்ஸ் சாமான் வெளியே போனது என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால், மறுநாள் வேலை இல்லை.

அப்படி ஒரு புரியை நான் கொண்டுவந்தேன். பாதி அந்தக் காருக்கு. மீதியை என் வீட்டு முற்றத்தில் கொடியாகக் கட்டினேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமை அந்த ஷெட்டில் மல்லாந்து படுத்து வேலை செய்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டே சாமான் எடுத்துக் கொடுப்பார். பித்தளைக் குவளைகளை நானே கடைந்தேன். கம்பியை விரித்துக் கழுவி, உலோகம் ஊற்றி, அது வெள்ளி மாதிரி இறுகியபோது எனக்கு ஏற்பட்ட கர்வம் இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. சீமையில் செய்தவன் பார்த்தால் வெட்கப்பட்டிருப்பான். முன் விளக்கு லாரியுடையது, ஹாரன் ஆண்டர்சன்பேட்டை சைக்கிள் கடைக்காரர் தேடிக் கொடுத்தது. ஆனால் பிரேக் மட்டும் கேஜ் தரம்.

இன்ஸ்பெக்டர் நேர்மையான ஆள். அதையும் சொல்லிவிட வேண்டும். மைதானத்தில் மாப்பிள்ளையை வேகமாக ஓட்டச் சொல்லி, கையைக் கீழே இறக்கினார். வண்டி அதே இடத்தில் நின்றது. இன்னொரு தடவை. அதே இடம். மண்ணில் நாலு சக்கரமும் கோடு போட்டது போல ஒரே நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. குனிந்து பார்த்துவிட்டு, "பிரேக் யார் போட்டது?" என்றார். "லோக்கல் வேலைதான் சார்," என்றார் முதலாளி. இன்ஸ்பெக்டர் தலையாட்டி, பிரேக் திருப்தி என்று எழுதினார். அதே வாரத்தில் நம்பர் பிளேட் எழுதப்பட்டது. ஸ்கெலட்டனில் கட்டி வைத்த சாமான் பெங்களூருக்குப் போனது. தங்கை ரயிலில் ஏறும்போது சிரித்துக்கொண்டே ஏறினாள்.

கிளம்பும் முன் மாப்பிள்ளையிடம் சொன்னேன்: "தெனமும் எடுக்கறதுக்கு முன்னால, கம்பி நடுவுல எங்கனா பிரிஞ்சிருக்கான்னு அடியில கைவிட்டுத் தடவிப் பாருங்க. ஆறு மாசம் ஆச்சின்னா வண்டிய இங்க இட்டுகினு வாங்க. முனைய வெட்டி வேற கட்டணும். மறக்காதீங்க."

"மறப்பனா மச்சான்? நானும் கேஜ்ல போனவன்தானே," என்றார்.

முதலாளியிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார். கயிறு எங்கேயிருந்து வந்தது என்று கேட்பார். எங்கள் ஊரில் நாங்கள் யாருக்கும் சொல்லிப் பழகவில்லை. தேதி வந்தால் செய்ய ஆள் இருப்பான், அவனுக்கு மேல் ஒரு ஃபோர்மேன் இருப்பார், சுவரில் தேதி எழுதின ஒரு போர்டு இருக்கும். பெங்களூர் கார் ஷெட்டில் போர்டு கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

புத்த பூர்ணிமாவுக்கு மாப்பிள்ளை ஊருக்கு வந்தார். ஆறு மாதம் தாண்டிவிட்டிருந்தது. உடம்பில் கொஞ்சம் சதை போட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி எல்லாம் கொடுத்திருந்தார்கள். ஆனால் முகம் சரியில்லை.

"முதலாளிகிட்ட சொன்னேன் மச்சான், முனைய வெட்டணும், வண்டிய கோலாருக்கு இட்டுகினு போறேன்னு. பேப்பரு எடுத்துக் காட்றாரு. இன்ஸ்பெக்டரே நல்லா கீதுன்னு எழுதி குட்த்துட்டாரு, அவருக்கு மேல உம் மச்சானுக்கு இன்னா தெரியும்னு கேக்கறாரு. நந்தி மலைக்குக் கார்க்காரங்க எல்லாம் ஊர்வலமா போறாங்களாம். அது முடியற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாதாம்."

எனக்கு என்ன தெரியுமா? சுருக்கென்றது. என் வேலையை அந்த இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துத் தலையாட்டியதை நேரில் பார்த்த ஆள், எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார்.

"அப்பிடியா சொன்னாரு? அவரு வண்டி, அவரே வந்து கூப்பிடட்டும்," என்றேன்.

"நீங்க ஒரு ஞாயித்துக்கெழம டூல்ஸ் எடுத்துனு வந்தா, அவருக்குத் தெரியாம ஷெட்லயே முடிச்சிடலாம் மச்சான்."

"பாக்கலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பியிருக்கலாம். முதல் ஞாயிறு சுரங்கத்தின் ஷாஃப்டில் கயிறு மாற்றினோம், அது நிஜம். அடுத்த இரண்டு ஞாயிறும் வீட்டில் படுத்துக் கிடந்தேன். என் ரோஷம் என்னை எழுந்திருக்க விடவில்லை. கோபக்காரன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலையிலிருந்து இறங்கும்போது நடந்தது. முன்னாலும் பின்னாலும் கார்கள். பின்சீட்டில் முதலாளி. மூன்றாவது வளைவில் மிதி தரை வரைக்கும் போய்விட்டது. மாப்பிள்ளை கை பிரேக்கை இழுத்தார்; பிடிப்பே இல்லாமல் கையோடு வந்தது. முன்னால் போன வண்டியில் குழந்தைகள் இருந்தார்கள். வண்டியை மலைப் பக்கமாக ஒடித்துப் பாறையில் உரசி நிறுத்தினார். அந்தப் பாறையடியில் ரோடு வேலைக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இருந்தாள். வளைவுக்கு இப்பாலிருந்து அவளைப் பார்க்க முடியாது. அங்கேயே செத்துப்போனாள். முதலாளிக்குக் கண்ணாடி குத்திய ஒரு சிராய்ப்பு.

செய்தி வந்த மறுநாள் போனேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வண்டி நின்றது. மூக்கு நசுங்கியிருந்தது. அடியில் படுத்துப் பார்த்தேன். கம்பி குவளையின் வாயில் அறுந்திருந்தது, நான் எதிர்பார்த்த அதே இடத்தில். முனையை விரல்நுனியால் விரித்தேன். பாதிக் கம்பிகளின் ஒடிந்த வாய் கறுத்துக் கிடந்தது. பாதி பளபளவென்று இருந்தது. கறுப்பு என்றால் அது பல நாளைக்கு முன்பே ஒடிந்தது. பளபளப்புதான் மலையில் அறுந்தது. மூன்று ஞாயிறாக அது ஒவ்வொன்றாய் ஒடிந்துகொண்டிருந்திருக்கிறது. இதைப் படிக்கத் தெரிந்தவன் அந்த ஸ்டேஷனில் நான் ஒருவன்தான். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போலீஸார் அழைத்து வந்த மெக்கானிக், பாறையில் மோதியபோது கம்பி அறுந்தது என்று எழுதினார். நியாயமான ஊகம்தான். முதலாளி கோர்ட்டுக்கு வந்து, வண்டி நல்ல வண்டி, இன்ஸ்பெக்டர் பார்த்துக் கொடுத்த பேப்பர் இருக்கிறது என்று சொன்னார். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. பிரேக் திருப்தி என்று அரசாங்கமே எழுதியிருக்கும்போது, தப்பு ஓட்டினவன் மேல்தானே இருக்க முடியும்? அந்த வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவருவதற்காக நாங்கள் பாடுபட்டு வாங்கின காகிதம், கடைசியில் மாப்பிள்ளையை உள்ளே தள்ளியது.

தீர்ப்புக்கு முன்னால் கோர்ட் வராந்தாவில் அவரிடம் பேச விட்டார்கள். கம்பி விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம் மச்சான்," என்றார். "சொன்னா மைன்ஸ் கயிறுன்னு வரும். உங்க வேல பூடும். ஊடும் பூடும். எம் பசங்களும் அவளும் இப்ப உங்க ஊட்லதான் கீறாங்க. எல்லாரும் எங்க போவீங்க? நான் உள்ள போய்ட்டு வந்துடறேன்."

நான் அழுதேன். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். அவர் அப்படிச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் நான் அங்கே போனேன். அவர் சொன்னதும் எனக்கு மூச்சு வந்தது.

தங்கையின் சாமானை முதலாளி வேறொரு காரில் அனுப்பி வைத்தார். வாய் அகன்ற அமெரிக்கன் வண்டி. எங்கள் லைனுக்குள் அது நுழைந்தபோது தெருப்பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் படுக்கையும் இறங்கின. மறு வருஷம் ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் பேப்பரில் ஒரு படம் பார்த்தேன். மூக்கை நிமிர்த்திப் புது வண்ணம் பூசி, அந்த இங்கிலீஷ் கார் பெங்களூரில் ஏதோ போட்டியில் கோப்பை வாங்கியிருந்தது. பக்கத்தில் முதலாளி. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஜெயிலிலிருந்து வந்தபோது மாப்பிள்ளை பாதி ஆளாக இருந்தார். தூசி மார்பை முழுசாகப் பிடித்திருந்தது. என் வீட்டின் முன்னறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஒன்பது மாதம் இருந்தார். படுத்தால் மூச்சு வராது. தங்கை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"கண்ணு எங்க வெச்சிகினு ஓட்டின? ஒரு பொம்பளய கொன்னுட்டு, எங்களயும் நடுத்தெருவுல வுட்டுட்டு, அண்ணன் ஊட்ல சோறு தின்ன வெச்சிட்ட. பாத்து ஓட்டியிருந்தா இன்னா?"

அவர் ஒரு தடவைகூட பதில் சொன்னதில்லை. அவள் திட்டி முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பேசாதே என்று அர்த்தம். நான் பேசவில்லை. அவள் ஊற்றிய கஞ்சியைக் குடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். ஒரு நாள் திரும்பி வந்தபோது போய்விட்டிருந்தார்.

எழுபதுகளின் கடைசியில் நான் ரிட்டையர் ஆனேன். கடைசிக் காகிதமும் கைக்கு வந்து, இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. அதற்குத் தைரியம் என்று பேர் கிடையாது. அன்று தங்கை முற்றத்தில் நான் கட்டிய அந்தக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பையனுக்கு லாரி ஓட்டுகிற வேலை கிடைத்திருந்தது. "ஒங்கப்பன மாதிரி கண்ண மூடிகினு ஓட்டாத," என்று அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கயிறு, குவளை, ஆறு மாதம், மூன்று ஞாயிறு, கறுத்த கம்பி எல்லாவற்றையும் சொன்னேன்.

என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா அண்ணா?"

"தெரியும்மா."

"சாவற அன்னிக்குக் காலைலகூட திட்டினேன் அண்ணா. ஒன்பது மாசம் திட்டினேன். கேட்டுகினே உக்காந்திருந்தாரே."

துணிகளையெல்லாம் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். இருபக்கத்து முடிச்சையும் நகம் பிய்யப் பிய்ய அவிழ்த்து, அந்தப் புரியைச் சுருட்டி, என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அத்தனை வருஷ மழையிலும் வெயிலிலும் அதில் ஒரு கம்பிகூட ஒடிந்திருக்கவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டுத் துணி வேலியில்தான் காய்கிறது.